கிராம சபையும் காமிராவும்: நேரடி ஒளிபரப்பில் வழங்கும் சில சொற்கள்

நமது கிராமங்களில் தேர்த் திருவிழாவாயினும், கால்நடைக் கண்காட்சியாயினும், கிராம சபைக் கூட்டமாயினும் காமிரா இல்லாமல் நடந்தேறுவது அரிதாகிவிட்டது. முன்னாளில் நிலைமை வேறு. டில்லி டெலிவிஷன் நிலையம் 1967-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி ‘கிருஷி தரிசன்’ என்னும் விவசாய நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, டில்லியைச் சூழ்ந்த சுமார் 80 கிராமங்களில் பொதுவிடத்தில் வைக்கப்பட்ட பெட்டிகளின் முன் குடியானவர்கள் கூடியமர்ந்து அதனைக் கண்டனர். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குச் செயற்கைத் துணைக்கோள் வாயிலாக நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. அக்காலத்தில் நகரம் அனுப்பும், கிராமம் பார்க்கும். இன்றோ கிராமமே அனுப்புகிறது. இரண்டு மூன்று காமிராக்கள், கைப்பெட்டி அளவுள்ள ஒரு கருவி, ஒரு கணினி, இணைய வசதி ஆகிய இவை இருந்தால், பந்தலில் நடப்பதைத் திருப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரரும் துபாயிலுள்ள ஊர்க்காரரும் அந்நேரமே காணலாம்.

அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது முதல், கிராம சபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று நான்கு நாட்களில் கூடிவந்த சபைக்கு, 2022-இல் வெளியான அறிவிப்பின்படி மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் சேர்க்கப்பட்டன. ஊரின் வாக்காளர் அனைவரும் சபையின் அங்கத்தினர்களே. பிழைப்புக்காக வெளியூர் சென்றவர்களும் அவர்களில் அடங்குவர். அவர்களுக்குச் சபை என்பது கைப்பேசியில் தெரியும் படந்தான். அப்படத்தைத் தேர்ந்து அனுப்பும் வேலை, மேசையருகே அமர்ந்திருக்கும் ஒருவரின் விரல் நுனியில் இருக்கிறது.

அவ்வேலைக்குப் பேசி அமர்த்தப்படும் வீடியோக்காரர் வந்து, புரோகிராம், பிரிவியூ, கட், மிக்ஸ், கீ என்று சொற்களை அடுக்கும்போது, அங்கத்தினர்கள் தலையசைத்துவிட்டுத் தொகையை மட்டும் பேசி முடிப்பதே வழக்கமாக உள்ளது. வரப்பு அளக்க வருபவரிடம் ஏர், சென்ட் கணக்குத் தெரியாதவர் யாரும் பேசப் போவதில்லை. இங்கும் அவ்வளவு அறிவு போதும். கருவியை இயக்கக் கற்பது நமது நோக்கமன்று. இயக்குபவரிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதே நோக்கம்.

மூன்று வாய்க்கால், ஒரு மடை

ஒரு கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் பந்தலின்கீழ் கூடுவதாகக் கொள்வோம். முதல் காமிரா, தலைமை வகிப்பவரையும் தீர்மானங்களைப் படிக்கும் ஊராட்சிச் செயலரையும் நோக்கி நிற்கிறது. இரண்டாவது, மேடையோரத்திலிருந்து மக்களை நோக்குகிறது. மூன்றாவது, பின்புறம் உயரமான இடத்திலிருந்து பந்தல் முழுவதையும் காட்டுகிறது. மூன்றிலிருந்தும் படங்கள் இடையறாது வந்துகொண்டிருக்கின்றன. வெளியே செல்ல வேண்டியதோ ஒரே படம். மூன்று வாய்க்கால்கள் வந்து கூடுமிடத்தில் எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது என்று நீர்க்கட்டி செய்யும் வேலையைப் படத்துக்குச் செய்யும் கருவியே ஸ்விட்சர். ஒரு வேற்றுமை உண்டு. அடைத்த மடைக்குப் பின்னே நீர் தேங்கி நிற்கும். அடைத்த காமிராவின் படமோ, வேறோர் இடத்தில் பதிவு செய்யப்பட்டாலன்றி, அந்தக் கணமே மறைந்துபோகும். இவ்வேற்றுமையைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்கர் ஸ்விட்சர் என்று சொல்வதை ஆங்கிலேயர் விஷன் மிக்ஸர் என்பர். அதை இயக்கும் மனிதருக்கும் அங்கே அதே பெயர்தான். நம்மூர் வீடியோக்காரர்கள் வெறுமனே மிக்ஸர் என்பதும் உண்டு. ஒலிபெருக்கிக்காரரிடமும் ஒரு மிக்ஸர் இருக்கிறதாகையால், ‘மிக்ஸரைப் பாருங்கள்’ என்று ஒருவர் கூவினால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பர். எனவே இக்கட்டுரையில் படத்துக்கு ஸ்விட்சர் என்றும், ஒலிக்கு மிக்ஸர் என்றும் வழங்குவோம்.

ஸ்விட்சரின் முகப்பில் இரண்டு வரிசைப் பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் பஸ் என்று பெயர். இது நாம் ஏறிச் செல்லும் பஸ் அன்று. பல காமிராக்களுக்கும் பொதுவாக அமைந்த ஒரு வழி என்று கொள்க. ஒரு வரிசை புரோகிராம். அதில் எந்தக் காமிராவின் பொத்தான் சிவப்பாக எரிகிறதோ, அந்தப் படமே இப்போது உலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மற்றொரு வரிசை பிரிவியூ. அதில் பச்சையாக எரிவது அடுத்து வரவிருக்கும் படம். அதனை இயக்குபவர் மட்டுமே காண்கிறார். காமிரா ஆடுகிறதா, முகம் தெளிவாக இருக்கிறதா, குறுக்கே எவரேனும் நிற்கின்றனரா என்று முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளவே பிரிவியூ ஏற்பட்டது. மாற்றம் நிகழ்ந்ததும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். சற்று முன் போய்க்கொண்டிருந்த படம் பிரிவியூவுக்கு வந்து நிற்கும். எல்லாக் காமிராக்களின் படங்களையும் கட்டங்கட்டமாக ஒரே திரையில் காட்டுவதை மல்டிவியூ என்பர்.

காமிராவின்மேல் எரியும் சிறு விளக்கே டாலி. சிவப்பு எரிந்தால் அந்தக் காமிரா ஒளிபரப்பில் இருக்கிறது என்று பொருள். பச்சை எரிந்தால் அடுத்த முறை அதனுடையது. இது அற்பமான வசதியாகத் தோன்றலாம். காமிராவைப் பிடித்திருக்கும் இளைஞர், தம் படம் போகவில்லை என்று எண்ணி அதைத் தூக்கித் தோளில் மாற்றிக்கொள்ளும்போது, துபாயிலிருப்பவர் பந்தலின் கூரையையும் வானத்தையும் தரிசிக்க நேர்ந்தால்தான் அதன் அருமை விளங்கும். டாலி இல்லாத சிறு காமிராக்களாயின், காதில் மாட்டிக்கொண்டு பேசும் டாக்பேக் வசதியேனும் வேண்டும்.

கட், மிக்ஸ், வைப்

ஒரு படத்திலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணிமைக்கும் முன் மாறுவது கட். நம் நாட்டு முறையில் விநாடிக்கு 25 படங்கள் செல்கின்றன. ஒரு படம் முழுமையாக முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த நுண்ணிய இடைவெளியில் ஸ்விட்சர் மாற்றத்தைச் செய்கிறது. பாதிப் படத்தில் மாற்றினால் மேற்பாதியில் செயலரும் கீழ்ப்பாதியில் பார்வையாளரும் தோன்றுவர்.

ஒரு படம் மெல்லக் கரைய, அதனூடே மற்றொன்று தெளிவது மிக்ஸ். டிசால்வ் என்றும் சொல்வர். முகப்பிலுள்ள கைப்பிடியைக் கையால் தள்ளியோ, பொத்தானை அழுத்தித் தானாக நிகழவிட்டோ இதனைச் செய்யலாம். அக்கைப்பிடிக்கு டி-பார் என்று பெயர். தானாக நிகழும்போது எவ்வளவு நேரம் என்பதைப் படக்கணக்கில் குறிப்பர். 25 என்றால் ஒரு விநாடி. டி-பாரைப் பாதியில் நிறுத்திவிட்டால் இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பேய்போல் நிற்கும்.

எதை எங்கே கையாளுவது என்பதுதான் நாம் கருத்திற்கொள்ள வேண்டிய விஷயம். பல்லாண்டுகளாகச் சினிமாப் பார்த்துப் பழகிய நம் கண்களுக்குக் கட் என்றால் ‘அதே நேரம், வேறிடம்’ என்று பொருள். மிக்ஸ் என்றால் ‘சிறிது காலம் சென்றது’ என்று பொருள். குடிநீர்த் தொட்டியைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்கிறார். தலைமை வகிப்பவர் பதில் சொல்லத் தொடங்குகிறார். அப்போது மிக்ஸ் செய்தால், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஏதோ விடப்பட்டதாகப் பார்ப்பவர் மனத்தில் ஓர் ஐயம் தோன்றும். உண்மையில் ஒன்றும் விடப்படாவிட்டாலும் அவ்வாறே தோன்றும். ஆகையால் வாதப் பிரதிவாதங்களுக்குக் கட் ஒன்றே தகும். கூட்டம் தொடங்கும்போதும், தேசிய கீதம் முடிந்து கூட்டம் கலையும்போதும் மிக்ஸ் செய்துகொள்ளலாம்.

வைப் என்பது ஒரு படம் மற்றொன்றைத் திரைச்சீலைபோல் தள்ளிக்கொண்டு வருவது. வட்டம், நட்சத்திரம், இதயம் முதலிய வடிவங்களிலும் இது நிகழும். கல்யாண வீடியோக்களில் இதற்கு இருக்கும் செல்வாக்கு கிராம சபையில் இருக்க வேண்டியதில்லை. வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது இதய வடிவில் படம் விரிவது யாருக்கும் கௌரவமளிக்காது.

பேட் டு பிளாக் என்னும் பொத்தான் படம், எழுத்து அனைத்தையும் இருளாக்கிவிடும். பெரும்பாலான சிறு ஸ்விட்சர்களில் மறுமுறை அதே பொத்தானை அழுத்தினால்தான் வெளிச்சம் திரும்பும். வேறு எப்பொத்தானை அழுத்தினாலும் இருளே நிலைக்கும். கூட்டத்தின் நடுவே திரை இருண்டு, இணையம் போயிற்று, மின்சாரம் போயிற்று என்று ஆளுக்கொன்று சொல்லி ஓடுவதற்கு முன், இப்பொத்தான் எரிகிறதா என்று பார்ப்பது நன்று.

மேலோட்டமும் கீழோட்டமும்

படத்தின்மேல் பெயர், தேதி, தீர்மான எண் முதலியவற்றை எழுதிக் காட்டுவதற்குக் கீ என்று பெயர். பூட்டுச் சாவி நினைவுக்கு வரலாம். துளை என்று கொள்வதே இங்குப் பொருத்தம். மூட்டையில் ஊர்ப்பெயர் எழுதத் தகட்டில் எழுத்தை வெட்டி, அதன்மேல் மை பூசுகிறோம் அல்லவா? அதேபோல் காமிராப் படத்தில் எழுத்து வடிவில் ஒரு துளை வெட்டப்படுகிறது; அத்துளையில் வேறொரு படமோ நிறமோ நிரப்பப்படுகிறது. வெளிச்சம், இருள் ஆகியவற்றைக்கொண்டு துளையிடுவது லூமா கீ. குறிப்பிட்ட ஒரு நிறத்தைக்கொண்டு துளையிடுவது குரோமா கீ. பேசுபவருக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டி, துணி தெரியுமிடமெல்லாம் வயல்வெளிப் படத்தை நிரப்புவது இரண்டாவது வகை. விவசாய சங்கத்தார் தோளில் பச்சைத் துண்டுடன் வந்து அத்துணியின் முன் நின்றால், துண்டு இருக்குமிடத்திலும் வயல் தெரியும், தோள் தெரியாது. வேறு நிறத் துணி கட்டுவதல்லால் இதற்கு வழியில்லை. துண்டை எடுக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

விவசாயிகளுக்கு எளிதில் விளங்கக்கூடிய இரு சொற்கள் இங்கே வருகின்றன. அப்ஸ்ட்ரீம் என்றால் மேலோட்டம்; டவுன்ஸ்ட்ரீம் என்றால் கீழோட்டம். படம் மாறும் இடத்துக்கு மேலே சேர்க்கப்படும் எழுத்து அப்ஸ்ட்ரீம் கீ. மாறும்போது அதையும் படத்தோடு சேர்த்து மாற்றும்படி அமைத்துக்கொள்ளலாம். மாறும் இடத்தையும் கடந்து, கடைசியில் சேர்க்கப்படும் எழுத்து டவுன்ஸ்ட்ரீம் கீ. மேலே எத்தனை காமிராக்கள் மாறினாலும் அது அசையாது நிற்கும். மதகுக்குக் கீழே வாய்க்காலில் கலந்த சாயம், எந்த மடையைத் திறந்தாலும் வயலுக்கு வந்து சேர்வதை ஒக்கும்.

ஊரின் பெயர், கூட்டத் தேதி, நடப்புத் தீர்மானத்தின் எண் ஆகியவை கீழோட்டத்தில் இருக்கலாம். அவை எவர் பேசினாலும் பொருந்துவன. பேசுபவரின் பெயர்ப்பட்டையோ மேலோட்டத்தில் அமைய வேண்டும். இல்லையேல், ‘தலைவர்’ என்ற பட்டை திரையில் நிற்க, படம் மட்டும் மாறி, கேள்வி கேட்கும் பெண்மணியின் முகத்தின்கீழ் அது தோன்றும். ஒரு விநாடிதானே என்று விட்டுவிடுவதற்கில்லை. அந்த ஒரு விநாடியைக் கைப்பேசியில் நிறுத்திப் படமெடுத்து, ஊர் முழுவதும் அனுப்பிவிடுவார்கள். ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாகக் காட்ட அது ஒன்றே போதும். கூட்டத்துக்கு முன் வீடியோக்காரரை, பெயர்ப்பட்டையைப் போட்டுவிட்டுக் காமிராவை மாற்றிக் காட்டும்படி கேட்டால், அமைப்புச் சரியா என்பது உடனே தெரிந்துவிடும்.

தாளம் தப்பாமை

மூன்று காமிராக்களும் ஒரே கணத்தில் படத்தைத் தொடங்கி ஒரே கணத்தில் முடித்தால்தான் மாற்றம் பிசிறின்றி அமையும். பெரிய நிலையங்களில் ஒரே துடிப்பை எல்லாக் காமிராக்களுக்கும் அனுப்பி அவற்றை ஒருங்கே நடத்துவர். அதற்கு ஜென்லாக் என்று பெயர். நையாண்டி மேளத்தில் எல்லோரும் தவிலைக் கேட்டு வாசிப்பது போன்றது அது. இன்றைய சிறு ஸ்விட்சர்கள் வந்து சேரும் ஒவ்வொரு படத்தையும் சற்றே நிறுத்திவைத்துத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன. அந்த வசதிக்கு ஒரு விலையுண்டு. படம் சிறிது பிந்துகிறது. ஒலியோ மிக்ஸரிலிருந்து நேரே வந்துவிடுகிறது. மூன்று படங்கள் பிந்தினால் விநாடியில் சுமார் எட்டில் ஒரு பங்கு.

குளக்கரையில் துணி துவைப்பதைத் தொலைவிலிருந்து பார்த்தவர்கள், துணி கல்லில் விழுவது முன்னே தெரியவும் ஓசை பின்னே கேட்கவும் கண்டிருப்பர். இடியும் மின்னலும் அப்படியே. ஒலி பிந்துவது இயற்கைக்கு ஒத்ததாகையால் நாம் பொறுத்துக்கொள்வோம். ஒலி முந்துவதைச் செவி சிறிதும் பொறுக்காது. ஆகவே ஒலியைத் தாமதப்படுத்தும் டிலே என்னும் அமைப்பைத் திருத்தச் சொல்ல வேண்டும். காமிராவின் முன் ஒருவர் கைதட்ட, திரையில் கை சேரும்போதே ஓசை கேட்டால் சரி.

மற்றொன்று விளக்கு. நமது மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. குழல் விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் அதனால் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. காமிராவை 25 அல்லது 50 படக் கணக்கில் வைத்தால் இது பெரும்பாலும் தெரியாது. கைப்பேசிகள் பொதுவாக 30 படக் கணக்கில் வருவதால், அவற்றையும் காமிராவாகச் சேர்க்கும்போது திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து செல்வதைக் காணலாம். எல்லாக் காமிராக்களையும் ஒரே கணக்கில் வைக்கச் சொல்வதே பரிகாரம்.

கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண எச்.டி.எம்.ஐ. கம்பி பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதன்று. பந்தலின் பின்கோடியிலிருந்து மேடைக்கு வர எஸ்.டி.ஐ. கம்பி வேண்டும். வீடியோக்காரர் இடத்தை வந்து பார்க்காமலே தொகை சொல்வாரானால், இதனைக் கேட்டுக்கொள்வது நலம்.

பொத்தான் யார் சொற்படி?

சட்டமியற்றும் பெரிய சபைகள் இக்கேள்வியை முன்னரே சந்தித்திருக்கின்றன. பிரிட்டிஷ் காமன்ஸ் சபை 1989 நவம்பர் 21-ஆம் தேதி காமிராவை உள்ளே அனுமதித்தபோது, எதைக் காட்டலாம் என்று விதிகளையும் எழுதி வைத்தது. பேசும் அங்கத்தினரைத் தலையும் தோளும் தெரியக் காட்டவேண்டும். அமளி எழுந்தால் படம் சபாநாயகருக்கு மாறிவிட வேண்டும். தலையும் தோளும் என்ற விதி சில மாதங்களிலேயே தளர்த்தப்பட்டது. நமது வீடியோக்காரர் கண்ணிமைப்பொழுதில் செய்யும் ‘கட்’டை, அந்தச் சபை விவாதித்து விதியாக்கியது என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 1979 மார்ச்சு முதல் ஒளிபரப்பு நடைபெற்று வந்தது. காமிராக்கள் சபாநாயகரின் அதிகாரத்துக்குட்பட்டவை. நாள் அலுவல் முடிந்தபின் அங்கத்தினர்கள் ஆளில்லா மண்டபத்தில் நீண்ட உரை நிகழ்த்துவர். காமிரா பேசுபவரை மட்டுமே காட்டுமாகையால், வீட்டிலிருந்து பார்ப்போருக்குச் சபை நிறைந்திருப்பதாகவே தோன்றும். 1984 மே மாதம் சபாநாயகர் தாமஸ் ஓ’நீல், எதிர்க்கட்சியினர் அவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில், முன்னறிவிப்பின்றிக் காமிராவை மண்டபம் முழுவதும் சுற்றிக் காட்டச் செய்தார். காலி நாற்காலிகளை நாடே கண்டது. பெருங்கூச்சல் எழுந்தது. காலி நாற்காலி உண்மைதானே என்று சபாநாயகர் பக்கத்தார் கருதினர். நேற்றுவரை இல்லாத உண்மை இன்று எங்களுக்கு மட்டும் ஏன் என்பது மற்றவர் முறையீடு. நமது அபிப்பிராயத்தில் இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. விதி முன்கூட்டி எழுதப்பட்டு எல்லோருக்கும் ஒன்றாக இருந்திருந்தால் சண்டைக்கு இடமிராது.

நமது பந்தலிலும் இதுவே நிகழக்கூடும். வந்திருப்பவர் சிலர், முதல் காமிராவே போய்க்கொண்டிருந்தால் வெளியூரார் நிறைந்த சபை என்று எண்ணுவர். ஒருவர் சாலைக் கணக்கைக் கேட்கிறார். அவர் குரல் மட்டும் கேட்க, படம் மேடையிலேயே நின்றால், கேட்டவர் இன்னார் என்று தெரியாமற் போகும். மறுபுறம், வீட்டு மனைப் பட்டாவுக்காகத் தம் வறுமையைச் சொல்லி அழும் ஒருவரின் முகத்தை நெருங்கிக் காட்டுவதும் முறையன்று. எனவே சபை கூடுமுன் மூன்று நான்கு வரிகளில் ஓர் ஏற்பாடு செய்து, வீடியோக்காரரிடம் எழுத்தில் கொடுத்துவிடலாம். எழுந்து பேசுபவர் எவராயினும், பேசத் தொடங்கிய சில விநாடிகளில் அவரே புரோகிராமில் வரவேண்டும். வாக்கெடுப்பின்போது மூன்றாவது காமிரா, கைகளை எண்ணக்கூடியவாறு அசையாமல் நிற்கவேண்டும். கூட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பந்தல் முழுவதும் காட்டப்பட வேண்டும். தம்மைக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்பவரின் குரல் போகட்டும். படம் மூன்றாவது காமிராவுக்கு மாறட்டும்.

இனி, முன்பு நாம் விட்டுவந்த விஷயம். புரோகிராமில் சென்ற படத்தை மட்டும் பதிவு செய்து வைத்தால், அந்நேரத்தில் அடைபட்டிருந்த இரண்டு காமிராக்களும் கண்டது எவருக்கும் கிடையாது. இந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர் எத்தனை பேர் என்று ஆறு மாதம் கழித்துத் தகராறு வந்தால், அப்போது திரையில் செயலரின் முகம் இருந்தது என்பதே விடையாகும். ஒவ்வொரு காமிராவின் படத்தையும் தனித்தனியே பதிவதற்கு ஐசோ பதிவு என்று பெயர். சில ஸ்விட்சர்கள் தாமே இதனைச் செய்யும். இல்லாவிடினும் ஒவ்வொரு காமிராவிலும் உள்ள அட்டையில் பதிந்துகொள்ளலாம். பெயர்ப்பட்டை முதலிய எழுத்துக்கள் சேராத படத்துக்குக் கிளீன் பீடு என்று பெயர். அதையும் கேட்டு வாங்கலாம்.

தொகை பேசும்போதே, ஐசோ பதிவு உண்டா, அட்டைகளின் நகல் கூட்டம் முடிந்த அன்றே ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைக்கப்படுமா என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீடியோக்காரர்கள் அடுத்த கல்யாணத்துக்கு அதே அட்டையை அழித்துப் பயன்படுத்துவது சகஜம். அது அவர்கள் குற்றமுமன்று. நகலைத் தீர்மானப் புத்தகத்துடன் அலமாரியில் வைத்து, எந்தத் தேதிக் கூட்டம், எத்தனையாவது காமிரா என்று உறையின்மேல் எழுதிவிட வேண்டும்.